மலையிலிருந்து இறங்கிய ஆறு மாடுகள்: தம்பலகாமத்துப் பட்டியொன்றில் உண்ணி வழிக் காய்ச்சல்

பங்குனி மாதக் கடைசியில், நுவரெலியாப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியில் மேய்ந்து வளர்ந்த ஆறு கலப்பின மாடுகள் லொறியில் ஏற்றப்பட்டு, ஒரே இரவில் திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமத்துக்கு வந்து இறங்கின. அவற்றில் நான்கு, பிரீசியனும் ஜேர்சியும் கலந்த கறவைப் பசுக்கள். வயது 4 முதல் 6 வரை. ஒன்று 20 மாத நாகு. மற்றது 5 மாதப் பெண் கன்று. வாங்கியவரிடம் நாட்டு மாடுகளும் சாகிவால் கலப்பு மாடுகளுமாக 17 உருப்படி கொண்ட பட்டி ஏற்கெனவே இருந்தது. காலைப் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு, மாலைப் பாலைச் சட்டியில் உறைய வைத்துத் தயிராக விற்கும் குடும்பம் அது. நாட்டுப் பசு நாளுக்கு இரண்டு லீற்றர் கறக்கும் இடத்தில் ஒன்பது லீற்றர் கறக்கும் பசுவைக் கொண்டுவந்து கட்டவேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை.

ஏற்றிய இடத்தில் பெற்ற சுகாதாரச் சான்றிதழில் ஆறு மாடுகளும் நோயற்றவை என்று எழுதப்பட்டிருந்தது. அது முற்றிலும் உண்மை. இந்நிகழ்வின் முடிச்சே அந்த உண்மைக்குள்தான் இருக்கிறது என்பதனாலேயே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் முப்பது நாட்கள்

மாடுகள் வந்த நேரத்தில் சிறுபோக விதைப்புத் தொடங்கியிருந்தது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களில் பயிர் நிற்கும் காலத்தில் மாடுகள் வயலில் இறங்க முடியாது. பட்டிகள் எல்லாம் குளத்தோரத்துக்கும் பற்றைக்காட்டுக்கும் ஒதுங்குகின்றன. பல பட்டிகள் சிறு நிலத்தில் நெருங்கி மேய்வதால் அந்த நிலத்தில் உண்ணியும் நெருங்குகிறது. குருதி குடித்து ஊதிய பெண் உண்ணி ஒன்று மாட்டிலிருந்து விழுந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். பொரித்து வரும் குஞ்சுகள் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும்.

புதிய மாடுகளின் காதுக்குள்ளும் தாடையடியிலும் பின் தொடை இடுக்கிலும் உண்ணி பிடிப்பதை முதலில் கண்டவர் உரிமையாளரின் தாயார். மாலை வேளைகளில் அவர் கையால் பிடுங்கி மண்ணெண்ணெய்ச் சிரட்டையில் போட்டிருக்கிறார். நாட்டு மாடுகளில் அவ்வளவு இல்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். அவதானிப்பு சரியானது. திமில் உள்ள இனங்களின் தோலில் உண்ணிக்கு எதிரான தாக்கம் வலுவானது. ஏறும் குஞ்சுகளுள் மிகச் சிலவே வளர்ந்து முதிர்கின்றன. ஐரோப்பிய இரத்தம் கூடக்கூட அந்தப் பாதுகாப்புக் குறைகிறது.

பத்தாம் நாள், பட்டியில் உள்ள எல்லா மாடுகளுக்கும் கால்வாய் நோய் எனப்படும் குளம்பு, வாய்ப்புண் நோய்க்கான தடுப்பூசி ஏற்றப்பட்டது. அந்த நாளைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்வேன்.

வெக்கை என்று நினைத்த இரண்டு நாட்கள்

முப்பத்துமூன்றாம் நாள் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். ஆறு வயதுப் பசு, இனி முதலாம் பசு என்று குறிப்பிடுவேன், ஒன்பது லீற்றரிலிருந்து நான்கு லீற்றருக்கு இறங்கியிருந்தது, தீன் எடுக்கவில்லை, மூச்சு வாங்கியது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிய வாரம் அது. நடுப்பகலில் மனிதரே நிழல் தேடும் வெப்பத்தில், குளிரில் பிறந்த பசு மூச்சு வாங்குகிறது என்றால் காரணம் வெக்கைதான் என்று அவர் நினைத்தார். "மலை மாடுதானே டொக்டர், வெயில் தாங்காமல் மூசுது" என்று அவர் சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டேன். நிழலில் கட்டி, உடம்பில் தண்ணீர் ஊற்றி, உப்பும் சேர்த்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னேன். உடல் வெப்பத்தை அளந்தீர்களா என்று கேட்கவில்லை. காலை ஐந்து மணிக்கும் அதே மூச்சு இருக்கிறதா என்று கேட்கவில்லை. இந்த இரண்டு கேள்விகளுள் ஒன்றைக் கேட்டிருந்தாலும் அன்றே புறப்பட்டிருப்பேன். வெக்கையால் வாடும் மாடு விடியற்காலைக் குளிர்ச்சியில் தேறும். குருதி குறைந்த மாடு தேறாது.

முப்பத்தைந்தாம் நாள் காலை ஏழு மணிக்குப் பட்டிக்குச் சென்றேன். பசு கொட்டிலிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை நடக்கையில் வழியில் இரு தடவை நின்றது. ஏறத்தாழ முப்பது அடி தூரம். "டொக்டர் தம்பி, நேற்று ஒருக்கா நின்றது, இண்டைக்கு ரெண்டு தரம் நிக்குது" என்றார் உரிமையாளரின் தாயார். அந்நோயைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் சரியான அளவீடு அதுதான்.

உடல் வெப்பம் 40.7 பாகை செல்சியஸ். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 112. மூச்சு 64. கண்ணிமையின் உட்புறமும் யோனியின் உட்தோலும் வெளிறி, அவ்வெளிறலின் மேல் மஞ்சள் படர்ந்திருந்தன. சாணம் இறுகிக் கறுத்து, சளி பூசியிருந்தது. தோளடி நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கவில்லை. உடம்பில் எண்ணக்கூடிய அளவிலேயே உண்ணிகள் இருந்தன. சிறிது நேரம் காத்திருந்து சிறுநீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தேன்: கடும் மஞ்சள், ஆனால் சிவப்பு இல்லை.

அந்தச் சிவப்பில்லாமையே வழியைக் காட்டியது. உண்ணி பரப்பும் பபீசியா ஒட்டுண்ணி செங்குழியங்களைக் குருதிக் குழாய்களுக்குள்ளேயே உடைக்கிறது. உடைந்த செந்நிறப் பொருள் சிறுநீரில் இறங்கி, சிறுநீர் சிவந்து கறுத்து வரும். அனாப்பிளாஸ்மா மார்ஜினேல் என்னும் பக்டீரியா செங்குழியத்தின் உள்ளே பெருகினாலும் அதை உடைப்பதில்லை. கிருமி புகுந்த குழியத்தை இனங்கண்டு அழிப்பது மாட்டின் சொந்த மண்ணீரல்தான். அழிவு குழாய்களுக்கு வெளியே நடப்பதால் சிறுநீர் சிவக்காது. பித்த நிறப்பொருள் மட்டும் பெருகி உடல் மஞ்சளாகும். மஞ்சள் உண்டு, சிவப்பு இல்லை, கணு வீக்கம் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தபோது, கணுக்களை வீங்கவைக்கும் தைலேரியா என்ற ஒட்டுண்ணியும் பபீசியாவும் பின்னுக்குப் போய் அனாப்பிளாஸ்மா முன்னுக்கு வந்தது. எலிக்காய்ச்சல் கிருமியையும் மனதில் வைத்திருந்தேன். அதுவும் வளர்ந்த மாட்டில் பால் வற்றவும் மஞ்சள் படரவும் செய்யக்கூடும்.

கண்ணாடித் தகட்டில்

காதின் குருதி நாளத்தைக் குத்தி மெல்லிய குருதிப் பூச்சு எடுத்தேன். துளி தகட்டில் விழுந்தபோதே தண்ணீர் கலந்த சாயம் போல ஓடியது. நுண்குழாயில் எடுத்த குருதியை அலுவலகத்தில் சுழற்றிப் பார்த்தபோது, செங்குழியங்கள் அடைத்துக்கொண்ட பங்கு 14 சதவீதம் மட்டுமே. நலமான பசுவில் அது 24க்கும் 46க்கும் இடையில் இருக்கவேண்டும்.

ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் வில்லையின் கீழ் நுணுக்குக்காட்டியில் பார்க்கையில், நூறு செங்குழியங்களில் ஏறத்தாழ 28இல், விளிம்போடு ஒட்டிய கருஊதாப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோமீற்றருக்கு உட்பட்டது; உருண்டையானது; அடர்ந்தது. சாயத் துகளும் இப்படி ஏமாற்றும். குருதிச்சோகையில் வரும் இளங்குழியங்களின் கருவெச்சங்களும் ஏமாற்றும். சாயத் துகளாயின் குழியங்களுக்கு வெளியிலும் சிதறிக் கிடக்கும், குவியத்தை மாற்றினால் மின்னும். கருவெச்சமாயின் இத்தனை குழியங்களில் இராது. இங்கே புள்ளிகள் குழியங்களுக்கு உள்ளேயே, அதிலும் விளிம்பிலேயே இருந்தன. 1910இல் தென்னாபிரிக்காவில் ஆர்னல்ட் தைலர் இதனை முதன்முதலாகப் பிரித்தறிந்தபோது, இந்த விளிம்பிருப்பைக் கொண்டே மார்ஜினேல் என்று பெயரிட்டார். நெடுங்காலம் ஒட்டுண்ணி என்று எண்ணப்பட்ட இது, உண்மையில் ரிக்கெட்சியா வரிசையைச் சேர்ந்த பக்டீரியா. மருந்துத் தெரிவு அந்த வேறுபாட்டில் தங்கியிருக்கிறது: பெனிசிலின் பயன் தராது, ரெட்ராசைக்கிளின் வகை பயன் தரும்.

மரபணுச் சோதனைக்கு வசதி இருக்கவில்லை. ஆகையால் இந்நிகழ்வின் நோயறிதல் முழுவதும் குருதிப் பூச்சையும், நோய்க் குறிகளையும், இறந்த மாட்டின் உடற்பரிசோதனையையும் சார்ந்தது என்பதை வாசகர் மனங்கொள்ளவேண்டும்.

பூச்சின் முடிவுக்குக் காத்திராமல் பட்டியிலேயே சிகிச்சையைத் தொடங்கியிருந்தேன். மார்பளவு நாடாவின்படி பசுவின் நிறை 340 கிலோ. நீடித்துச் செயற்படும் ஒக்சிரெட்ராசைக்கிளின், கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 6,800 மி.கி.; ஒரு மி.லீ.க்கு 200 மி.கி. செறிவில் 34 மி.லீ. அதை நான்கு இடங்களில் பிரித்துத் தசையில் ஏற்றினேன். பசுவை எங்கும் நடத்தவில்லை. நின்ற இடத்திலேயே, தலைக்கயிற்றைத் தாயார் பிடித்திருக்க, ஊசி போட்டேன். இந்நிலையில் உள்ள மாடு மருந்தில்லாமல் இறப்பதைவிட, மருந்து போடுவதற்காக ஓட்டி, இழுத்து, மல்லுக்கட்டும் கணத்தில் மூச்சுத் திணறி இறப்பது எளிது.

முப்பத்தாறாம் நாள் செங்குழியப் பங்கு 11 சதவீதத்துக்கு இறங்கியது. மருந்து கிருமியின் பெருக்கத்தை நிறுத்தும். ஆனால் ஏற்கெனவே கிருமி புகுந்த குழியங்களை மண்ணீரல் மேலும் இரண்டு மூன்று நாட்களுக்கு அழித்துக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியைக் கடக்கக் குருதி தேவைப்பட்டது. பட்டியில் இருந்த 400 கிலோ எடையுள்ள சாகிவால் கலப்பு நாம்பனிலிருந்து, சோடியம் சித்திரேற்று இட்ட போத்தல்களில் 4 லீற்றர் எடுத்து, முதல் அரை மணித்தியாலம் மிக மெதுவாகவும் பின்னர் சற்று வேகமாகவும் ஏற்றினோம். இந்த நாம்பனே அனாப்பிளாஸ்மாவைக் காவுவதாக இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஏற்கெனவே அதே கிருமி நிறைந்த உடம்புக்கு அதனால் கூடுதல் கேடு இல்லை. அஞ்சவேண்டியது பபீசியாவை, அதற்காகவே நாம்பனின் பூச்சை முதலில் பார்த்து, அது இல்லை என்று கண்ட பின்னரே எடுத்தேன். மறுநாள் பங்கு 15க்கு உயர்ந்தது. மூன்று நாள் கழித்து மருந்தை மீண்டும் அதே அளவில் ஏற்றினேன்.

இரண்டாம் பசு

ஏழு மாதச் சினையிலிருந்த இரண்டாம் பசுவை நான் காப்பாற்றத் தவறினேன். முப்பத்தைந்தாம் நாள் நான் போனபோது அது பட்டியில் இல்லை. மற்ற மாடுகளோடு குளத்தோரம் மேயப் போயிருந்தது. திரும்பியதும் உடல் வெப்பத்தை அளந்து சொல்லுமாறு கூறிவிட்டு வந்தேன். வீட்டில் வெப்பமானி இல்லை என்பதை நான் விசாரிக்கவில்லை. முப்பத்தேழாம் நாள் மாலை, பட்டி வீடு திரும்புகையில் பசு பின்தங்கியது. மேய்க்கும் பையன் பழக்கப்படி அதட்டி ஓட்டினான். ஒரு தடவை திரும்பி அவனை முட்ட வந்ததாம்; மூளைக்குக் காற்றுக் குறையும் மாடு இப்படி மூர்க்கம் காட்டும். வாய்க்கால் அணைக்கட்டில் ஏறும்போது விழுந்து அங்கேயே இறந்தது. பையனிடம் எந்தத் தவறும் இல்லை.

அன்றிரவே விளக்கு வெளிச்சத்தில் உடலை அறுத்துப் பார்த்தோம். எங்கள் காலநிலையில் விடியும்வரை விட்டால் மண்ணீரலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. குருதி நீர்த்து, மெல்லியதாக இருந்தது. தோலடியும் கொழுப்பும் மஞ்சள். மண்ணீரல் பருத்து மென்மையாகியிருந்தது. ஈரல் பருத்து, செம்மஞ்சளாய்ப் புள்ளி விழுந்திருந்தது. பித்தப்பை வீங்கி, கட்டியான கரும்பச்சைப் பித்தம் நிறைந்திருந்தது. இதயத்தின் மேற்றோலில் நுண் குருதிப் புள்ளிகள். சிறுநீர்ப்பையில் இருந்த நீர் சிவப்பல்ல. மண்ணீரலிலிருந்து எடுத்த பூச்சிலும் அதே விளிம்புப் புள்ளிகள். கருப்பையில் இருந்த கன்று முழு உருவம் பெற்றிருந்தது.

மூன்றாம் பசுவுக்கு முப்பத்தேழாம் நாளே காய்ச்சல் பிடித்திருந்தது. முதலாம் பசுவுக்குப் பின் கொட்டிலில் நின்ற மாடுகளின் வெப்பத்தைக் காலையும் மாலையும் நானே அளந்ததால் அன்றே மருந்து ஏறியது. அதன் செங்குழியப் பங்கு 20க்குக் கீழ் இறங்கவில்லை. நாகுவுக்கு நாற்பதாம் நாள் காய்ச்சல் வந்து, இரண்டு நாளில் தணிந்தது. கன்றின் பூச்சில் நூறில் நான்கு குழியங்களில் புள்ளி கண்டேன். ஆனால் அது ஒரு வேளைப் பாலையும் விடவில்லை. துள்ளித் திரிந்தது.

ஒரே நோய், ஒரே கொட்டில். ஐந்து மாதக் கன்று துள்ளுகிறது, இருபது மாத நாகு இரண்டு நாள் சோர்கிறது, ஆறு வயதுப் பசு சாவின் விளிம்புக்குப் போகிறது. வேறு பல நோய்களில் இளையதே முதலில் சாகும். அனாப்பிளாஸ்மாவில் வயது ஏற ஏற ஆபத்து ஏறுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது பெரும்பாலும் வந்ததே தெரியாது. இரண்டு வயதைத் தாண்டி முதன்முதலாக இதைச் சந்திக்கும் மாட்டுக்கு, மருந்து கிடைக்காவிட்டால், இது பலவேளைகளில் உயிரைக் குடிக்கும் நோய்.

ஒரே நாளின் ஊசி

முப்பத்துமூன்று, முப்பத்தேழு, நாற்பது என்று நோய் எட்டு நாட்களுக்குள் அடுத்தடுத்து விழுந்தது என்னை உறுத்தியது. இறந்த பசுவும் அதே நாட்களுக்குள்தான் நோய்ப்பட்டிருக்கவேண்டும். உண்ணியால் வந்திருந்தால் இவ்வளவு நெருக்கமாக வருவது அரிது. நம் மாடுகளில் பரவலாகக் காணும் ரிப்பிசெபலஸ் மைக்ரோப்ளஸ் உண்ணி, குஞ்சாக ஏறிய மாட்டிலேயே மூன்று வாரமளவு தங்கி முதிரும் வகை. பபீசியா தாய் உண்ணியின் முட்டை வழியே குஞ்சுக்குப் போகும்; அனாப்பிளாஸ்மா அப்படிப் போவதில்லை. ஆகவே இக்கிருமியை ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது, துணை தேடி மாட்டுக்கு மாடு தாவும் ஆண் உண்ணிகளே. அவை தாவும் நாள் ஒவ்வொரு மாட்டுக்கும் வேறுபடும். மாட்டைக் கடிக்கும் இலையானும் (ஈயும்) பரப்பும், ஆனால் வாயில் உள்ள குருதி காய்வதற்குள், சில நிமிடங்களில், அடுத்த மாட்டைக் கடித்தால்தான்.

எல்லா மாடுகளுக்கும் பொதுவான ஒரே நாள், பத்தாம் நாள். கிருமி புகுந்து நோய் வெளிப்படப் பொதுவாக மூன்று முதல் ஐந்து வாரம் செல்லும். பத்தாம் நாளிலிருந்து எண்ணினால் 23 நாட்களும் 30 நாட்களும் என்று கணக்குப் பொருந்துகிறது. விசாரித்தேன். தடுப்பூசி போட வந்தவர் 23 மாடுகளுக்கும் ஒரே ஊசி முனையைப் பயன்படுத்தியிருந்தார். நாட்டு மாடுகள் பதினேழும் முதலில், புதிய மாடுகள் கடைசியில். ஒரு விலக்கு: நான்காம் பசு கயிற்றை அறுக்கும் அளவுக்கு மிரண்டதால் அதற்கு எல்லாவற்றுக்கும் முன்பாக, புது முனையால் போட்டுவிட்டு விலக்கிக் கட்டியிருந்தார்கள். நோய் விழுந்த நாட்களில் அந்த நான்காம் பசு மட்டும் முழு நலத்துடன் நின்றது.

வளர்ந்த நாட்டு மாடுகள் எட்டின் பூச்சுகளைப் பின்னர் பார்த்தேன். மூன்றில், நெடுநேரம் தேடிய பின், அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளிகள் இருந்தன. மற்ற ஐந்தும் தூய்மையானவை என்று சொல்லமாட்டேன். நோய்க்காவி மாட்டின் குருதியில் கிருமி நுணுக்குக்காட்டிக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்து, வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கும். அந்தக் குருதியின் துளி ஊசி முனையின் துளைக்குள் தங்கி அடுத்த தசைக்குள் போனது என்பதே என் முடிவு. இது நிரூபணம் அன்று. நான்காம் பசுவைத் தவிர வேறு ஒப்பீடு என்னிடம் இல்லை. ஆனாலும் இம்முடிவின்மேல் நின்று என் வேலைமுறையை மாற்றியிருக்கிறேன். இப்போது நான் போகும் பட்டிகளில் மாட்டுக்கு ஒரு முனை. இயலாத இடத்தில், வெளியிலிருந்து வந்த மாடுகளுக்கு முதலில் போடுகிறேன். காதுத் தோடு குத்தும் கருவியையும் கொம்பு வெட்டும் கருவியையும் மாட்டுக்கு மாடு கழுவி, கொதிநீரில் போடுகிறேன்.

நான்காம் பசு தப்பிவிடவில்லை. எழுபத்தொன்றாம் நாள், வாராந்தப் பூச்சில் நூறில் இரண்டு குழியங்களில் புள்ளி கண்டேன். அது உண்ணி தந்தது என்றே கருதுகிறேன். காய்ச்சல் வருமுன்னரே மருந்தேற்றியதால் பால்கூட அதிகம் குறையவில்லை.

மலை தந்ததும் தராததும்

உரிமையாளர் பலமுறை கேட்ட கேள்வி: குளிர்ந்த, சுத்தமான மலையில் நோயே அறியாமல் வளர்ந்த மாடு, ஏன் எங்கள் எலும்பும் தோலுமான நாட்டு மாட்டைவிட எளிதாக விழுந்தது?

நோயே அறியாமல் வளர்ந்ததால்தான். உண்ணியின் வாழ்வில் ஒரு பகுதி மாட்டின் மேல், மறுபகுதி நிலத்தில். நிலத்தில் முட்டையிடுவதும் பொரிப்பதும் வெப்பத்தைப் பொறுத்தவை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். தை, மாசி மாதங்களில் சில விடியல்களில் புல் மேல் உறைபனி படியும். அங்கே உண்ணியின் தலைமுறைகள் தாமதித்து, எண்ணிக்கை குன்றுகிறது. தம்பலகாமத்தில் வருடம் முழுவதும் தலைமுறை ஓடுகிறது. ஆகவே இங்குள்ள கன்று பிறந்த சில மாதங்களிலேயே, உடல் எளிதில் தாங்கும் வயதிலேயே, கிருமியைச் சந்தித்துக் காவியாகி, அதன் காப்பிலேயே வாழ்ந்து முடிக்கிறது. மலைக் கன்று அந்த வயதைச் சந்திப்பில்லாமல் கடந்துவிடுகிறது. பிறகு நான்கு வயதில், ஆறு வயதில், வயிற்றில் கன்றோடும் மடியில் ஒன்பது லீற்றர் பாலோடும் லொறியில் இறங்கி முதல் தடவையாகச் சந்திக்கிறது.

மலை மேய்ச்சல் உள்ள வேறு நாடுகளும் இதைக் கண்டிருக்கின்றன. ஸ்கொட்லாந்தின் உயர்நில ஆடுகளில் 1932இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட உண்ணிக் காய்ச்சல், இக்கிருமியின் உறவான அனாப்பிளாஸ்மா பகோசைற்றோபிலம் தருவது. அங்கு தலைகீழ்: உண்ணி நிறைந்த மேட்டுப் புல்வெளியில் பிறந்த குட்டிகள் காய்ச்சலோடு தேறுகின்றன, உண்ணியில்லாத தாழ்நிலத்திலிருந்து சினையாக வாங்கிக் கொண்டுவரும் ஆடுகள் கரு சிதைக்கின்றன. சுவிற்சர்லாந்தின் மலை மாநிலமான கிறவ்புண்டனில் 2002இல், அதுவரை இந்நோய் அறியாத ஒரு பட்டியில் அனாப்பிளாஸ்மா மார்ஜினேல் கொள்ளையாகப் பரவி, பட்டியையே அழிக்கவேண்டி வந்தது. மேலிருந்து கீழாயினும் கீழிருந்து மேலாயினும், கிருமியை அறியாத மாடு கிருமி உள்ள நிலத்தில் கால் வைப்பதே ஆபத்து.

பால், தயிர், திருப்பி அனுப்பும் பேச்சு

மருந்தேற்றிய பசுக்களின் பாலை, மருந்துப் போத்தலில் குறிப்பிட்ட நாட்கள் முடியும்வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றேன். குடும்பத்துக்கு இது கடினமான செய்தி. கோயில் அபிஷேகத்துக்காவது கொடுக்கலாமா என்று தாயார் கேட்டார். ஆதிகோணேஸ்வரத்துக்கு வெள்ளிதோறும் ஒரு செம்பு பால் கொடுப்பது அவருடைய வழக்கம். அபிஷேகப் பாலைத் தீர்த்தமாகக் குழந்தைகளும் குடிப்பார்கள் என்பதை நினைவூட்டியபோது, அந்த நாட்கள் முடியும்வரை நாட்டுப் பசுவின் பாலைக் கொண்டுபோகச் சம்மதித்தார். நான் சொன்னதை முழுதாக நம்ப வைத்தது தயிர்ச் சட்டி. தவறுதலாகக் கலந்த ஒரு செம்புப் பாலால் ஒரு சட்டி முழுவதும் மறுநாள் உறையாமல் நீராகவே கிடந்தது. மருந்து தயிரின் உறைக் கிருமிகளையும் பெருகவிடாது. அந்தச் சட்டியை அவர் கொட்டினார்.

ஐம்பதாம் நாளளவில், விற்ற தரகர் எஞ்சிய ஐந்து மாடுகளையும் குறைந்த விலைக்குத் திருப்பி எடுத்து மலைக்கே கொண்டுபோக முன்வந்தார். உரிமையாளர் மனம் சாய்ந்தது. ஒரு பசுவை இழந்தவர் அவர். இந்தப் பேச்சில் நான் தலையிட்டேன், சற்றுக் கடுமையாகவே. நோய் தீர்ந்து நலமாகத் தெரியும் இந்த மாடுகள் இப்போது நோய்க்காவிகள். ஒக்சிரெட்ராசைக்கிளின் நோயைத் தீர்க்கும். கிருமியை வேரோடு அகற்றும் என்று நம்ப இயலாது. இங்கே அது குறையன்று, காப்பு. மலையிலோ, இதை அறியாத வளர்ந்த பசுக்கள் நிறைந்த தொழுவத்தில் ஒரு காவியைக் கொண்டுபோய்க் கட்டினால், அங்கே உண்ணி குறைவு என்பது எவரையும் காக்காது. ஒரே ஊசி முனையோடு ஒருவர் வந்தால் போதும். தம்பலகாமத்தில் நான் கண்ட எட்டு நாட்களை அங்கே ஒரு தோட்டக் குடும்பம், வீட்டின் ஒரே பசுவோடு, காணவேண்டிவரும். சுகாதாரச் சான்றிதழில் கையெழுத்திட என்னால் முடியாது என்று சொன்னேன். உரிமையாளர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு தரகருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

இனி மலையிலிருந்து மாடு வாங்குவதாயின் எப்படி என்று அவரே கேட்டார். கறக்கும் பசுவை வாங்கவேண்டாம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றை வாங்குங்கள் என்றேன். வருமானம் தாமதிக்கும், ஆனால் கன்று காய்ச்சலைத் தாங்கும் வயதிலேயே இந்த நிலத்தைப் பழகிக்கொள்ளும். வளர்ந்ததைத்தான் வாங்கவேண்டுமென்றால் மழை ஓய்ந்த மாதத்தில், சினையற்றதாக, முதல் 90 நாட்கள் கொட்டிலில் வெட்டுப் புல்லோடு, காலையும் மாலையும் வெப்பமானியோடு. நாட்டு மாடுகளின் உண்ணியை முழுதாக ஒழிக்க மருந்து தெளிக்கவேண்டாம் என்றும் சொன்னேன். உண்ணியே இல்லாமல் வளரும் அவற்றின் கன்றுகள் நாளை மலை மாட்டின் நிலைக்கே வந்துவிடும். புதிய மாடுகளுக்கு மட்டும் முதுகில் ஊற்றும் மருந்தை அளவோடு தொடர்ந்தோம்.

முதலாம் பசுவின் செங்குழியப் பங்கு நாற்பத்தேழாம் நாள் 18ஆகவும் அறுபத்துமூன்றாம் நாள் 25ஆகவும் ஏறியது. பால் ஆறு லீற்றருக்கு மேல் திரும்பவில்லை. மாரிமழை தொடங்கிய வாரத்தில் அது பருவத்துக்கு வந்து, சாகிவால் கலப்பு நாம்பனோடு சேர்ந்தது. குருதி கொடுத்த அதே நாம்பன். கடைசியாகச் சென்றபோது தாயார் அதைக் கொட்டிலிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை எனக்காக நடத்திக் காட்டினார். அது எங்கும் நிற்கவில்லை.